பத்திரத்தில் வெறும் 'மணி': தாத்தாவின் பெயரை எப்படி நிறுவுவது?

கேள்வி: என் தாத்தா 1968-இல் வாங்கிய நஞ்சை நிலத்தின் கிரயப் பத்திரத்தில் 'ரங்கசாமி குமாரர் மணி' என்று மட்டும் இருக்கிறது. குடும்ப அட்டையில் சுப்பிரமணி. இறப்புச் சான்றிதழில் கோவிந்தராஜன். பட்டா மாற்றப் போனால், மூன்றும் மூன்று ஆள் என்கிறார்கள். 'மணி என்றால் சுப்பிரமணிதானே, அப்படியே ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுவிடலாம்' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா? அதே தெருவில் இன்னொரு மணியும் இருந்தாராம்.

பதில்: போடாதீர்கள். மணியும் சுப்பிரமணியும் ஒருவர் என்று எழுதிக் கொடுத்தால், இறப்புச் சான்றிதழில் இருக்கும் கோவிந்தராஜன் வேறு ஆளாகிவிடுவார். நாளைக்கு யாராவது ஆட்சேபித்தால் உங்கள் பிரமாணப் பத்திரத்தையே எடுத்து உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். உண்மை இல்லை என்று தெரிந்தே சத்தியம் செய்தால் அது குற்றமும்கூட.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், மணியை ஒரு சுருக்கப் பெயர் என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான். சுருக்கமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கர்நாடக இசையில் இரண்டு மணி ஐயர்கள் உண்டு. இருவரும் 1912-இல் பிறந்தவர்கள், இருவருமே சங்கீத கலாநிதிகள். மதுரை மணி ஐயரின் இயற்பெயர் சுப்பிரமணியன். மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயரோ ராமசாமி. வெறும் 'மணி ஐயர்' என்ற பெயரை வைத்துக்கொண்டு சுப்பிரமணியனைத் தேடினால் பாதித் தேடல் வீண். ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும்தான் இருவரையும் பிரித்துக் காட்டும். இயக்குநர் மணிரத்னத்துக்குச் சுப்பிரமணியம் என்ற பெயரிலிருந்தே மணி வந்தது. கவிஞர் சி. மணியின் பெயர் பழனிசாமி. பெண்களிலும் மணி உண்டு: மணிமேகலை, நாகமணி, ருக்மணி எல்லாரும் வீட்டில் மணிதான். மணியம்மையாரின் இயற்பெயர் காந்திமதி. ஆகவே ஒரு பழைய ஆவணத்தில் மணி என்று மட்டும் கண்டால், அது ஆணா பெண்ணா என்பதைக்கூட 'குமாரர்', 'மனைவி' என்ற சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தாத்தா விஷயத்தில் கோவிந்தராஜன்தான் இயற்பெயராக இருக்கும் என்று நினைக்கிறேன். காரணம், நம் வீடுகளில் பெயர் வைக்கும் வழக்கம். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். ஆனால் மருமகள் தன் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையை அதே பெயரில் எப்படி அதட்டுவாள், எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவாள்? அதனால் தொட்டிலிலேயே இன்னொரு பெயர் வந்துவிடும்: மணி, ராஜா, துரை, அம்பி. இந்தப் பெயருக்கும் இயற்பெயருக்கும் ஓர் எழுத்துகூடப் பொருந்த வேண்டியதில்லை. இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ரங்கசாமியின் தகப்பனார் பெயர் என்ன என்று குடும்பத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள். ரங்கசாமி பெயரில் உள்ள பழைய பத்திரத்தையும் பாருங்கள். அங்கே 'கோவிந்தராஜன் குமாரர் ரங்கசாமி' என்று இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அது மட்டுமே நிரூபணம் ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

அப்படியானால் குடும்ப அட்டையில் சுப்பிரமணி எப்படி வந்தார்? கணக்கெடுக்க வந்தவர் பெயர் கேட்டிருப்பார். பாட்டி புருஷன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் 'மணி' என்றிருப்பார், வந்தவர் அதை முழுப்பெயராக்கி எழுதிக்கொண்டிருப்பார். இப்படி முளைத்த சுப்பிரமணிகள் ஏராளம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொங்குப் பகுதிப் பத்திரமாக இருந்தால் 'மணியம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கிராம முன்சீப்பை அங்கே மணியக்காரர், மணியம் என்பார்கள். 1980-இல் பரம்பரை கிராமப் பதவிகள் ஒழிக்கப்படும்வரை அது உத்தியோகப் பெயர். அதற்குள் இயற்பெயரைத் தேடக் கூடாது. மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே மணியம் பெரும்பாலும் சுப்பிரமணியத்தின் சுருக்கமாகவே வரும். எழுத்தாளர் கே. எஸ். மணியம் அப்படித்தான்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், நிலத்தை வைத்துத் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணையும் சொத்துக்குத் தனியாக ஓர் அட்டவணையும் உண்டு. பெயர் அட்டவணையில் மணி என்று போனால் ஊரில் உள்ள அத்தனை மணியும் வந்து நிற்பார்கள். சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று கேட்டால் அந்த நிலத்தைத் தொட்டவர்கள் மட்டும் வருவார்கள். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் நேரில் விண்ணப்பியுங்கள்.

அடுத்து 1968 பத்திரத்தை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தெரு, என்ன தொழில் என்று வாங்கியவரைப் பற்றி எழுதியிருப்பார்கள். நான்கெல்லையில் 'வாங்குபவருடைய பிதுரார்ஜித (தகப்பன்வழி வந்த) நிலத்துக்குக் கிழக்கு' என்பது போல ஒரு வரி இருந்தால் அது பொன். அந்தப் பிதுரார்ஜித நிலம் இன்று கோவிந்தராஜன் பெயரில் பட்டாவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மணியும் கோவிந்தராஜனும் ஒருவர் என்பதை அரசு ஆவணமே சொல்லிவிடுகிறது. தாத்தா பின்னாளில் எதையாவது விற்றிருந்தாலோ அடமானம் வைத்திருந்தாலோ, எழுதிக் கொடுத்தவர் என்ற முறையில் அவருடைய கைரேகை அங்கே பதிவாகியிருக்கும். அந்த ஆவணத்தின் நகலையும் வாங்குங்கள்.

வீட்டிலும் தேடுங்கள். கிஸ்தி (நிலவரி) ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், பள்ளிச் சான்று, பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை. பத்திரிகையில் 'கோவிந்தராஜன் (எ) மணி' என்று அச்சிட்டிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கு எதுவும் கனவில்கூட இல்லாத நாளில் அச்சானது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

அந்த இன்னொரு மணியை விட்டுவிடாதீர்கள். பலர் இங்கேதான் அசட்டையாக இருக்கிறார்கள். அவருடைய தகப்பனார் பெயர் என்ன, அவர் நிலம் எந்த சர்வே எண்ணில் என்று விசாரித்து, அவருடைய வாரிசுகளிடம் 'இந்த நிலம் எங்கள் தகப்பனாருடையது அல்ல' என்று எழுதி வாங்க முயலுங்கள். தகப்பனார் பெயரும் ரங்கசாமியாகவே இருந்துவிட்டால் இந்தக் கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் பிரமாணப் பத்திரம். மூன்று பெயரையும் சொல்லி, எது எந்த ஆவணத்தில் வருகிறது என்று ஆண்டு, எண்ணுடன் எழுதி, மூவரும் ஒருவரே என்று நீங்களும் தாத்தாவை அறிந்த இரண்டு பெரியவர்களும் நோட்டரி முன்பு கையெழுத்திடுங்கள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது 'கோவிந்தராஜன் (எ) மணி (எ) சுப்பிரமணி' என்றே போடும்படி விண்ணப்பத்தில் கேளுங்கள். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் வாங்கியிருந்தால் திருத்தத்துக்கு மனுக் கொடுங்கள்.

அரசிதழில் பெயர் மாற்றம் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது உயிரோடு இருப்பவர் தன் பெயரை மாற்றிக்கொள்வதற்கு. காலமானவருக்கு உதவாது, பணம்தான் செலவு. யாராவது எதிர்த்து நின்றாலோ, வட்டாட்சியர் முடிவாக மறுத்துவிட்டாலோ, 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 34-ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை, அதாவது உங்கள் உரிமையை நீதிமன்றமே அறிவிக்கும் தீர்ப்பு, கோரி வழக்குப் போட வேண்டியிருக்கும். அதற்கும் மேலே சொன்ன அதே காகிதங்கள்தான் வேண்டும்.

பட்டா மாறியதும், அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை எழுதும்போது பத்திரத்தின் வரலாற்றுப் பகுதியில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: '1968-ஆம் ஆண்டு கிரயப் பத்திரத்தில் மணி என்றும், குடும்ப அட்டையில் சுப்பிரமணி என்றும், இறப்புச் சான்றிதழில் கோவிந்தராஜன் என்றும் கண்டவர், ரங்கசாமி குமாரராகிய நமது பாட்டனார் ஒருவரே.' அதன் கீழே வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்.