ஆசையா, கொசுவலையா? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் பிறந்தநாள் விருந்துகளை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சேர்த்து வருகிறோம். கடும் நோயுள்ள குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக் எ விஷ் அமைப்புக்கு அதைக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். நண்பர் ஒருவர் மறுத்தார். ஓர் ஆசைக்குச் சராசரியாக ஆகும் 7,500 டாலரில் மலேரியா கொசுவலைகள் வாங்கினால் 2 அல்லது 3 குழந்தைகள் பிழைப்பார்கள் என்று தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் எழுதியிருக்கிறாராம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொடுத்தால் அந்தக் குழந்தையை நாங்கள் நேரில் பார்க்க முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள்.

ஆர்.,
ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. சிங்கர் அதை எழுதியது 2013 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதம்தான் சான் பிரான்சிஸ்கோவில், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்த 5 வயதுச் சிறுவன் மேக் எ விஷ் ஏற்பாட்டில் பேட்மேன் உடையில் நகரத்தைக் 'காப்பாற்ற', ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் திரண்டு கைதட்டினார்கள். ஊரே நெகிழ்ந்து நின்றபோது அப்படிக் கேட்கத் துணிச்சல் வேண்டும். பணத்தை மட்டும் பார்த்தால் அவர் கணக்கு சரிதான். ஆனால் ஆசை என்பது ஒருநாள் கொண்டாட்டம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம் நடக்கும். முதுகில் ஊசி போடுவார்கள். முடி கொட்டும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கும். வெளிச் சாப்பாடு கூடாது, கூட்டத்துக்குப் போகக்கூடாது, பள்ளிக்கூடம் கிடையாது. எல்லாம் அந்தக் குழந்தையின் நன்மைக்குத்தான். ஆனால் அதில் ஒன்றைக்கூட அந்தக் குழந்தையைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் ஒரு தொண்டர் வந்து உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார். அம்மா அப்பா பதில் சொல்லக்கூடாது, குழந்தைதான் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கிடைக்கும் பொருளோ பயணமோ அதற்கு அப்புறம்தான்.

இது தொடங்கிய விதமும் அப்படித்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் ரத்தப் புற்றுநோயோடு இருந்த 7 வயதுச் சிறுவனுக்குப் போலீஸ்காரன் ஆக வேண்டும். 1980 ஏப்ரல் 29 அன்று மாநிலக் காவல்துறை அவனை ஹெலிகாப்டரில் அழைத்துப்போனது. அவன் அளவுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். பேட்டரி மோட்டார் சைக்கிளில் ஓட்டுநர் தேர்வு வைத்து, மோட்டார் சைக்கிள் அதிகாரிகள் அணியும் பேட்ஜையும் கொடுத்தார்கள். மே 3 அன்று அவன் இறந்துபோனான். அந்த அதிகாரிகளும் அவன் அம்மாவும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்த அமைப்பு. இந்தியாவில் 1996 முதல் செயல்படுகிறது. 2014இல் ஹைதராபாத்தில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் ஒருநாள் போலீஸ் கமிஷனராக நாற்காலியில் உட்கார்ந்ததும் இதன் வழியாகத்தான்.

சாகப்போகும் குழந்தைகளுக்கான கடைசி ஆசை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால் போதும். ஆசை நிறைவேறிய பிள்ளைகளில் நிறையப் பேர் குணமாகி வளர்ந்திருக்கிறார்கள். அந்தக் குட்டி பேட்மேனும் குணமானவன்தான். 2019இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆசை நிறைவேறிய குழந்தைகள் திடீரென்று மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது குறைவு என்று அதில் தெரிந்தது. பழைய பதிவுகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு என்பதால், ஆசையால்தான் உடம்பு தேறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். இங்கே நான் உங்கள் நண்பர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளி சென்னையிலோ வேலூரிலோ மாதக்கணக்கில் எங்கே தங்குவார்? வேலைக்குப் போகாமல் எதைச் சாப்பிடுவார்? வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் இப்படிப்பட்ட குடும்பங்களை இலவசமாகத் தங்க வைக்கின்றன. அதனால், பணத்தில் பெரிய பங்கை இது போன்ற இடத்துக்குக் கொடுங்கள். மிச்சத்தை ஆசைக்குக் கொடுங்கள், அதோடு உங்கள் நேரத்தையும் கொடுங்கள். ஆசை நிறைவேற்றும் அமைப்புகளுக்குப் பணத்தைப் போலவே ஆளும் தேவை. குழந்தையோடு பொறுமையாகப் பேச, பொருளைத் தேடி வாங்க, பயணத்துக்கு ஏற்பாடு செய்ய, அனுமதி வாங்க அலைய என்று வேலை நிறைய இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதையெல்லாம் செய்யலாம்.

எங்கே கொடுத்தாலும் கணக்கைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அமெரிக்காவில் கிட்ஸ் விஷ் நெட்வொர்க் என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. திரட்டிய ஒவ்வொரு டாலரிலும் குழந்தைகளுக்கான உதவிக்குப் போனது 3 சென்டுக்கும் குறைவு என்று 2013இல் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்தார்கள். பெரும்பகுதியை நன்கொடை திரட்டிக் கொடுத்த கம்பெனிகளே எடுத்துக்கொண்டன. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வாட்ஸ்அப்பில் குழந்தையின் படத்தோடு வரும் வேண்டுகோளை நம்பி உடனே பணம் அனுப்பாதீர்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

நேரில் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் குழந்தையும் பெற்றோரும்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சரி என்றாலும் இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். சிகிச்சையின்போது அந்தக் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைவாக இருக்கும். சாதாரணச் சளிகூட அவர்களைத் திரும்ப வார்டில் படுக்க வைத்துவிடும். உங்களில் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ இருந்தால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். பேனர், பெரிய செக், கும்பல் புகைப்படம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்