அம்பாசிடரா, ஸ்விஃப்டா: எது முதலீடு?

கேள்வி: ஈரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. 1974 மாடல் அம்பாசிடர் மார்க் 2 ஒன்று 2.80 லட்சத்துக்கு வருகிறது. ‘50 வயசு தாண்டியாச்சு, வின்டேஜ், இனி விலை ஏறத்தான் செய்யும்’ என்கிறார் புரோக்கர். இன்னொன்று 2007 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.60 லட்சம். தினமும் கடைக்குப் போய்வர வேண்டும், முதலீடாகவும் இருந்தால் நல்லது. எதை வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போக ஸ்விஃப்ட் வாங்குங்கள். முதலீடு என்று நினைத்தால் இரண்டுமே வேண்டாம்.

புரோக்கர் சொன்னதில் பாதி சரி. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத காரை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். அவர் சொல்லாமல் விட்டது, அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்பது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். கடைக்கு ஓட்ட வேண்டுமென்றால் சாதாரண ஆர்.சி.யை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

சரி, விலை ஏறி நல்ல லாபத்துக்கு விற்றீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு ஒன்றை ஒருவர் பின்னாளில் 21 லட்சத்துக்கு விற்றார். சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லையென்று அந்த லாபத்துக்கு வரி உண்டு என 2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷெட்டில் மூடிவைத்து விலை ஏறக் காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சாதாரணப் பதிவில் ஓட்டினால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில் வித்தியாசமில்லை. அம்பாசிடர் 1489 சிசி, ஸ்விஃப்ட் 1298 சிசி. இரண்டுக்கும் மூன்றாம் நபர் பிரீமியம் ஒரே அடுக்குதான்.

செலவு பிடுங்குவது பாடி. அம்பாசிடரைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பக்கத்திலும் மட்கார்டிலும் வைத்தால் தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும், பட்டி அப்பிய இடத்தில் நழுவும். பாயைத் தூக்கித் தரையையும் தட்டிப் பாருங்கள். டிங்கரிங், பெயின்ட் என்று ஆரம்பித்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று மெக்கானிக்கே சொல்ல மாட்டார். என்னைக் கேட்டால், அம்பாசிடர் வாங்குவது ஆசைக்கான செலவு. ஆசைப்படுவது தப்பில்லை, அதை முதலீட்டுக் கணக்கில் எழுதுவதுதான் தப்பு.

ஸ்விஃப்டிலும் ஒரு கொக்கி உண்டு. 15 ஆண்டு முடிந்து 2022-ல் ஆர்.சி.யைப் புதுப்பித்திருப்பார்கள், அதுவும் 2027-ல் முடியும். தேதியைப் பார்த்து, அடுத்த புதுப்பிப்புச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். டயர், கிளட்ச் வேலைக்கு 40,000 ஒதுக்குங்கள். மிச்சம் ஒரு லட்சம் வரும். கடைக்கு ஆடிச் சரக்கு எடுக்கிற நேரத்தில் வெளியே வட்டிக்கு வாங்குகிறவராக இருந்தால், அதை அங்கேயே போடுங்கள்.