குட்டை விரலும் எஃப் கார்டும்

கேள்வி: மாஸ்டர், எனக்கு 43 வயது. கோத்தகிரி பக்கம் அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, மற்ற நாட்களில் அடுத்தவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போவேன். கல்லூரிக்குப் போன மகள் விட்டுச் சென்ற கிட்டாரில் ஐந்து மாதமாகப் பழகுகிறேன். பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டுகளில் சி, ஜி, டி ஒருவழியாக வந்துவிட்டது. ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் குறுக்காக அழுத்தவேண்டிய எஃப் மட்டும் டப் டப்பென்று செத்த சத்தம். என் விரல்கள் குட்டை, அதோடு தடிமன். "உன் கைக்கு மண்வெட்டிதான் சரி" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். உண்மைதானோ என்று எனக்கே தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: முதலில் வீட்டுக்காரரை அந்த எஃப் கார்டை ஒரு தடவை பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

விரலைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் கிட்டாரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. மகள் போனபின் அது சுவரில் ஆணியில் தொங்கியிருக்கும், கோத்தகிரி மழையையும் மூடுபனியையும் குடித்துக்கொண்டு. மரம் ஈரம் இழுத்தால் முன்பலகை உப்பும், பலகை உப்பினால் அதன்மேல் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் மேலே ஏறும், கூடவே கம்பியும் ஏறும், கடைசியில் பழி உங்கள் விரல் மேல். ஒரு ஸ்கேல் எடுத்து, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதின் மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. நாலு இருந்தால் எனக்கும் எஃப் வராது.

இன்னொரு சோதனை. அதே எஃப் பிடியை அப்படியே நகர்த்தி ஐந்தாவது ஃபிரெட்டில் வையுங்கள், அது ஏ கார்டு. அங்கே ஓரளவு சுத்தமாகப் பேசி முதல் ஃபிரெட்டில் மட்டும் செத்துப்போனால், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் உயரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவர் நட்டின் பள்ளங்களைக் கொஞ்சம் அராவிக் கொடுப்பார். நீங்களே அரத்தை எடுத்துவிடாதீர்கள், அதிகம் அராவினால் கம்பி ஃபிரெட்டில் இடித்து ஜிர்ரென்று கத்தும். அப்படியே கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். கேஜ் என்பது கம்பியின் தடிமன்; 12 கேஜ் போட்டிருந்தால் 10 கேஜ் கேளுங்கள், அழுத்தவேண்டிய பலம் நன்றாகவே குறையும்.

இனி விரலுக்கு வருவோம். கொழுந்து கிள்ளுகிற கைக்குப் பலம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். ஆனால் அந்தப் பலம் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான் சேர்ந்திருக்கிறது, காய்ப்பும் அங்கேதான், அதுவும் விரலின் பக்கவாட்டில். கிட்டார் கேட்பது நுனியை. அதிலும் மோதிர விரல் பக்கத்து விரல்களோடு தசைநாரால் பிணைந்தது, யாருக்குமே தனியாகச் சுலபமாக எழும்பாது. ஆக உங்கள் கை மோசமில்லை, வேறு வேலைக்குப் பழகிய கை, அவ்வளவுதான். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சற்றே சாய்த்து எலும்புள்ள ஓரத்தால் அழுத்துங்கள், ஃபிரெட்டை ஒட்டி. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால், நடுவிரலுக்கு நேராக இருக்கட்டும். எஃப் வரும்வரை முதல் கம்பியை, அதாவது மெல்லிய கம்பியை, அழுத்தாமல் விட்டு எஃப் மேஜர் செவன் என்ற கார்டை வாசியுங்கள், நிறையப் பாட்டுகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தடித்த விரல் பக்கத்துக் கம்பியையும் தொடுகிறதா? இரும்புக் கம்பி கிட்டாரில் நட்டின் அகலம் 43 மில்லிமீட்டர் அளவு, நைலான் கம்பி போட்ட கிளாசிக்கலில் 52. உங்கள் விரலுக்கு அது தோதாக இருக்கும், கம்பியும் மெத்தென்று இருக்கும். நம் ஊர்க் காலைக் குளிரில் விரல் விறைத்துப்போய் வாசித்து மனம் நோகாதீர்கள், சூடான டீ டம்ளரை இரண்டு நிமிடம் இரண்டு கையாலும் பிடித்துவிட்டு ஆரம்பியுங்கள். நுனி வலி சகஜம். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்தாலோ அன்றைக்கு நிறுத்துங்கள், தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள்.

சின்ன வயதில் ஒரு வாத்தியார் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தம்பி, நீ தபேலா கத்துக்கோ" என்றார். இரண்டு வருடம் கிட்டாரைத் தொடவில்லை. அந்த இரண்டு வருடத்துக்காக இன்றும் அவர்மேல் கோபம் உண்டு.

கேள்வி: பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறேன், வயது 24. மாட்டுத் தீவனத் தட்டை வெட்டும் மெஷினில் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. இனி கிட்டார் ஆசை வீண்தானே?

பதில்: வீண் இல்லை தம்பி. கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில், 1965இல், பர்மிங்காம் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார், அதுவும் கம்பியை அழுத்துகிற கையில். பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி போட்டு வாசித்தார். பிறகு பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவில் கம்பியின் சுருதியையும் இறக்கினார், அந்தக் கனத்த சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. அவருக்குத் தெம்பு கொடுத்தது ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. 1928இல் நடந்த தீ விபத்தில் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் முடங்கியவர் ஜாங்கோ, மிச்ச இரண்டு விரலால்தான் சோலோ வாசித்தார்.

புண் முழுதாக ஆறியிருக்கிறதா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மோதிர விரல் வரும் இடத்தில் சுண்டு விரலைப் பழக்குங்கள். நீங்கள் இப்போதுதான் தொடங்குவதால் கையை மாற்றி இடது கைக்காரர்போலப் பிடிப்பதும் சுலபம். அதற்கென்று செய்த கிட்டாராக வாங்குங்கள்.

கேள்வி: குன்னூர், ஓய்வு பெற்றவன், 61. தொந்தி இடிக்கிறது, கிட்டார் சரிகிறது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் வாங்கியது டிரெட்நாட் என்கிற பெரிய உடம்புக்காரன் என்று நினைக்கிறேன், அது ஏறக்குறைய ஐந்து அங்குலக் கனம். மெல்லிய உடம்புள்ளதாக மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் இடது பாதத்தைச் சின்ன முக்காலியில் வைத்து, இடது தொடையில் கிட்டாரை ஏற்றி, கழுத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, வார் போட்டுக்கொள்ளுங்கள். தொந்தி பின்னால் ஒரு தாங்கல்போல நிற்கும். எனக்கு நிற்கிறது.