அந்த வெள்ளை மணிகள் முட்டைகள் அல்ல
சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்து எலுமிச்சைச் செடியில், சோர்ந்து கிடக்கும் புழுவின் மேல் அரிசி போல ஒட்டியிருப்பவை முட்டைகளா, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்! அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். தாய்க்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டும். கேட்கக் கொடூரம்தான். அந்தப் புழு இனிப் பட்டாம்பூச்சி ஆகாது, அப்படியே விடுங்கள். வெளிவரும் சின்னஞ்சிறு குளவிகள் மற்றப் புழுக்களைத் தேடிப் போகும், உங்களைக் கொட்டாது. மருந்தடித்தால் அவையும் சேர்ந்து சாகும். பறவை எச்சம் போன்ற இளம்புழுக்களையும், தொட்டால் கொம்பு நீட்டி நாறும் பச்சைப் புழுக்களையும் கையாலேயே எடுத்துவிடலாம். பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் அதன் இலைகளையும் புரட்டிப் பாருங்கள், இந்தப் புழுக்கள் அதிலும் இருக்கலாம்.