வீட்டில் கட்டிய செவன் கார்: முன் சஸ்பென்ஷன் கேள்வி பதில்

1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் இங்கிலாந்தில் இன்றும் பலர் வீட்டு கராஜில் கார் கட்டுகிறார்கள். நானும் ஒன்றைக் கட்டி ஓட்டுகிறேன். முன் சக்கரங்களைச் செட் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். மூன்று சொற்கள் அடிக்கடி வரும்: மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு டோ; முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு கேம்பர்; பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர்.

கேள்வி: அண்ணா, டோவைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கேம்பரைத் தொட்டதும் எல்லாம் போய்விட்டது. எதில் தொடங்குவது?

பதில்: டோ கடைசி வேலை தம்பி. முதலில் காரின் உயரம், அடுத்து காஸ்டர், அடுத்து கேம்பர், அப்புறம்தான் டோ. அதற்கும் முன்னால் தரை மட்டமாக இருக்கிறதா, டயரில் காற்று சரியா என்று பார்த்துவிட்டு, சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள், ஏனென்றால் 550 கிலோ காரில் 80 கிலோ ஆள் ஏறினால் எல்லா அளவும் மாறிவிடும். ஜாக்கிலிருந்து இறக்கிய கையோடு அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை உட்கார விடாது. காரை முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை நாலு முறை அமுக்கிவிட்டு அளங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்கை இறுக்க அதைத் தாங்கும் மரை வளையமான காலரைத் திருகினேன் சார், கார் உயர்ந்ததுதான் மிச்சம்.

பதில்: காலர் உயரத்துக்குத்தான். இறுக்கம் வேண்டுமானால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் ஒரு கணக்கு: ஷாக் அப்சார்பர் சாய்ந்து நிற்பதால் சக்கரம் 10 மிமீ ஏறும்போது அது 6 மிமீதான் அமுங்குகிறது என்றால், 0.6ஐ 0.6ஆல் பெருக்குங்கள், 0.36. அதாவது ஓர் அங்குலம் அமுங்க 300 பவுண்டு கேட்கும் ஸ்பிரிங், சக்கரத்தில் 108 பவுண்டுதான்.

கேள்வி: கேம்பர் அளக்கக் கருவி இல்லை.

பதில்: தூக்குக்குண்டு போதும். ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 340 மிமீ இருந்தால், நூலிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரத்தில் 6 மிமீ வித்தியாசம் வந்தால் அது 1 பாகை. மேல்பக்கம் உள்ளே சாய்ந்து 1 பாகையில் தொடங்குங்கள்.

கேள்வி: வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. வீட்டில் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட அனுமதி தரும் ஐவிஏ சோதனைக்குப் போக வேண்டும், பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயம்தான், அந்தச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். காஸ்டரை அளங்கள். இவ்வளவு லேசான காருக்கு 5 பாகை பக்கம் வேண்டும். மேல், கீழ் பால் ஜாயிண்டுகளுக்கு நடுவே 230 மிமீ என்றால், மேல் ஜாயிண்டை 4 மிமீ பின்னால் தள்ளினால் 1 பாகை கூடும், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் V வடிவக் கையான விஷ்போனின் முன்பக்க வாஷர்களையும் பின்பக்க வாஷர்களையும் மாற்றிப் போட்டே அதைச் செய்யலாம். ஆனால் என் காரில் காஸ்டரை ஏற்றியும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் விஷ்போனையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்டியரிங் ராக்கிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தால், அப்போதும் அதே இறுக்கம். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் கீழ் புஷ் கோணலாக ஏறியிருந்தது. நீங்கள் இதை முதலிலேயே செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

கேள்வி: விஷ்போன் முனையில் திருகி ஏற்றும் மூட்டான ராடு எண்டை எவ்வளவு வெளியே எடுக்கலாம்?

பதில்: மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும், 12 மிமீ மரைக்கு 18 மிமீ. அதற்குமேல் வெளியே வர வேண்டியிருந்தால் விஷ்போன் நீளமே தவறு, புதிதாகச் செய்யுங்கள். லாக் நட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து ராடு வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். முதல் 50 மைல் ஓடியதும் கோடு உடைந்திருக்கிறதா, அதாவது நட் தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.