பிக்கப்பின் பின்னால் பெட்டி கொழுவ என்னென்ன வாங்க வேண்டும்?

கேள்வி கேட்ட தம்பி மாங்குளத்துப் பக்கம் வயலும் தோட்டமும் வைத்திருக்கிறார். அண்மையில் பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறார். கோடையில் தோட்டத்துக்குத் தண்ணீர்த் தாங்கி, அறுவடையில் நெல் மூடை என இரண்டுக்கும் உதவும்படி ஒரு பெட்டியைப் (ட்ரெய்லரை) பின்னால் கொழுவ விரும்புகிறார். வீட்டில் உழவு இயந்திரத்தின் பழைய பெட்டி ஒன்று சும்மா நிற்கிறதாம். கனடாவில் இருக்கும் மாமா, வண்டியில் பெட்டியைக் கொழுவப் பொருத்தும் ஹிட்ச் சாமான்களை அனுப்புவதாகச் சொல்கிறாராம். வெல்டிங் கடைக்காரரோ பம்பரிலேயே ஒரு கொக்கியை ஒட்டித் தருகிறேன் என்கிறாராம். கிளிநொச்சியில் பெட்டி கட்டும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் என் பதில் இது: பம்பர்க் கொக்கி வேண்டாம், பழைய பெட்டியும் வேண்டாம், மாமாவின் சாமான்களில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம்.

முதலில் பழைய பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உழவு இயந்திரப் பெட்டி, மெதுவாக ஓடும் பாரமான ஓர் இயந்திரத்துக்காகக் கட்டப்பட்டது. அதன் இழுவைச் சட்டத்தின் முனையில் ஒரு வளையம் இருக்கும். அது இயந்திரத்தின் தகட்டுக்குள் புகுந்து ஓர் ஆணியில் தொங்கும். அந்த வளையத்தை ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக இருந்த துளை முன்பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். ஆணியின் நடுப்பகுதி இடுப்பைப் போல ஒடுங்கியிருக்கும். மணிக்கு இருபது, முப்பது கிலோமீற்றரில் போகும்போது அந்த ஆட்டத்தை இயந்திரத்தின் பாரம் விழுங்கிவிடும். பிக்கப் அறுபதில் போகும்; வேகம் இரட்டிப்பானால் பெட்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிறேக் இல்லாததால், அந்த நான்கு மடங்கு ஆற்றலையும் உங்கள் பிக்கப்பின் பிறேக்கே தாங்க வேண்டும். இழுக்க முடிகிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்; ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தால் நிறுத்த முடிகிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

பெட்டியின் எடையை அந்தக் கேள்வியே தீர்மானிக்க வேண்டும். புதிய ஹைலக்ஸ் வண்டிகள் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று அவுஸ்திரேலியாவில் விளம்பரம் செய்வார்கள். அது தனி பிறேக் பொருத்திய பெட்டிக்கான எண். பிறேக் இல்லாத பெட்டிக்கு அதே வண்டியின் எல்லை 750 கிலோ மட்டுமே. ஐரோப்பாவிலும் பிறேக் இல்லாத பெட்டிக்கு அதே 750 கிலோவே எல்லை. உங்கள் வண்டி பழையது என்பதால் அதன் கையேட்டில் உள்ள எண்ணையே நம்புங்கள். கையேடு கிடைக்காவிட்டால், பெட்டியும் சாமானும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆயிரம் லீற்றர்த் தாங்கியை நிரப்பினால், பெட்டியின் எடையைச் சேர்க்காமலேயே எல்லை கடந்துவிடும். 500 லீற்றர்த் தாங்கியும் 200 கிலோவுக்குள் கட்டிய சிறு பெட்டியும் என்றால் 700 கிலோ. அது சரியான அளவு. நெல் என்றால், மூடை ஒன்று 60 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் எட்டு, ஒன்பது மூடைக்கு மேல் பெட்டியில் ஏற்ற முடியாது. மிகுதியைப் பிக்கப்பின் தட்டிலேயே ஏற்றலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தண்ணீர்த் தாங்கியை முழுதாக நிரப்புங்கள் அல்லது வெறுமையாக வையுங்கள்; அரைத் தாங்கித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் அடித்துப் பெட்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த தாங்கி கிடைத்தால் இன்னும் நல்லது. (மணல் ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு கியூப் என்பது நூறு கன அடி. காய்ந்த மணல் என்றாலும் ஏறத்தாழ நாலரைத் தொன் வரும். அதை டிப்பர்காரரிடம் விட்டுவிடுங்கள்.)

அடுத்தது, வண்டியில் ஹிட்ச் எங்கே நிற்க வேண்டும் என்பது. பம்பர் என்பது மெல்லிய தகடு. இழுவிசையைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. ஹிட்சின் சட்டம் செசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரண்டு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். செசியில் நேரடியாக வெல்டிங் செய்ய விடாதீர்கள்; சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறி, பிற்காலத்தில் ஒட்டின் ஓரத்திலேயே வெடிப்பு விழும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் எட்டு, அந்த இரும்பு அறுவதற்குச் சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் விசை வேண்டும் என்பதையும், புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் 80 வீதம் வரை அது நிரந்தரமாக நீளாது என்பதையும் குறிக்கிறது. தலையில் ஒன்றுமே பொறிக்காத போல்ட் கேற்றுக்கும் கூரைக்கும் உதவும், இதற்கு உதவாது. செசிக் குழாய் நசுங்காமல் உள்ளே தகடு வைத்து, லொக் நட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். பாரம் இழுத்த முதல் நாளுக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சாவி போட்டுப் பார்ப்பது அவசியம்.

இனி மாமாவின் சாமான்களுக்கு வருகிறேன். கனடாவில் பரவலாக உள்ளது 2 அங்குலச் சதுரக் குழாய். அதற்குள், பெட்டியின் முனை வந்து அமரும் இரும்புப் பந்து பொருத்திய துண்டைச் செருகி, 5/8 அங்குல ஆணி போட்டு, ஆணியின் நுனியில் ஆர் (R) வடிவக் கிளிப் மாட்டுவார்கள். அந்தக் குழாயும் துண்டும் ஆணியும் தரமானவை, அனுப்பச் சொல்லுங்கள். ஆணி தொலைந்தால் கைக்குக் கிடைத்த கம்பியை வெட்டிச் செருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை மட்டும் செய்ய வேண்டாம்.

பந்தின் அளவில்தான் சிக்கல் வரும். வட அமெரிக்காவில் 1 7/8, 2, 2 5/16 அங்குலம் என்று மூன்று அளவுகள் பரவலாக உள்ளன. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 50 மில்லிமீற்றர். இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர், 1 7/8 அங்குலம் என்பது 47.6. கையில் பிடித்துப் பார்த்தால் 50, 50.8, 47.6 மூன்றும் ஒன்றாகவே தெரியும். பந்தை மேலிருந்து பிடிக்கும் பெட்டியின் முனைக்குக் கவ்வி என்று பெயர். 50 மில்லிமீற்றர்க் கவ்வி 2 அங்குலப் பந்தில் இறுகிக்கொண்டு சரியாகப் பூட்டாது. 2 அங்குலக் கவ்வியோ 1 7/8 அங்குலப் பந்தில் பூட்டியதுபோலத் தோன்றிவிட்டு, முதல் பெரிய குழியில் எகிறிக் கழன்றுவிடும். பந்தின் தலையில் அளவும் தாங்கும் எடையும் பொறித்திருக்கும், கவ்வியின் மேலும் அவ்வாறே. இரண்டையும் வாசித்து ஒப்பிடுங்கள். என் ஆலோசனை, பந்தையும் கவ்வியையும் ஒரே இடத்திலிருந்து சோடியாக வாங்குவதே. இழுக்கக்கூடிய எடை என்று எதை எடுத்துக்கொள்வது என்றால், வண்டி, சட்டம், பந்து, கவ்வி, சங்கிலி, டயர் ஆகிய அனைத்திலும் எது மிகக் குறைவோ அதுதான்.

கவ்வி உண்மையில் பந்தைப் பிடித்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு, காசு செலவில்லை. பூட்டிய பின் இழுவைச் சட்டத்துக்குக் கீழே ஜக்கை வைத்து மெல்ல உயர்த்துங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. பெட்டி மட்டும் எழுந்தால், பந்து கவ்விக்குள் ஏறாமலே மேற்புறம் மூடியிருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சங்கிலி இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தே பெட்டியின் முழு எடையைத் தாங்க வேண்டும். இழுவைச் சட்டத்துக்குக் கீழே அவற்றைக் குறுக்காகக் கொழுவினால், கவ்வி கழன்றாலும் சட்டத்தின் முனை நிலத்தில் குத்தாமல் சங்கிலிகளின் மேல் விழும். வளையும்போது இறுகாத நீளமும் நிலத்தில் உரசாத உயரமும் இருக்க வேண்டும். சங்கிலியைப் பந்து பொருத்திய துண்டில் மாட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். ஆணி வெளியே வந்தால் துண்டோடு சங்கிலியும் போய்விடும். செசியோடு இறுக்கிய சட்டத்தில்தான் அதற்கான கண் இருக்க வேண்டும்.

விளக்கு விடயத்தில் மாமாவின் சாமானை அப்படியே பொருத்த முடியாது. அங்குள்ள நான்கு வயர் பிளக்கில் வெள்ளை ஏர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். பிறேக் விளக்கும் சிக்னலும் ஒரே பல்ப்பில் எரியும். நம் வண்டிகளில் சிக்னல் தனியாக மஞ்சளாக இருப்பதால் இடையில் இரண்டையும் ஒரே வயரில் சேர்க்கும் ஒரு கொன்வேர்ட்டர் வேண்டும். அல்லது பிறேக்குக்குத் தனி வயர் உள்ள ஏழு ஊசிப் பிளக்கைப் போட்டுவிடலாம், அதுவே எனக்கு விருப்பம். ஏர்த்துக்குத் தனி வயர் இழுக்க மறக்காதீர்கள். பந்து வழியாக ஏர்த் கிடைக்கும் என்று விட்டால், கிறீசும் துருவும் சேர்ந்து, இடது சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் மினுக்கும். இரவில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே விளக்கில்லாத ஒரு பெட்டியைப் பின்னால் வந்து கண்டவர்களுக்கு, ஒளி தெறிக்கும் பட்டியை நான்கு மூலையிலும் ஏன் ஒட்டச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் சாமானைப் போலவே முக்கியம். சுமையில் ஏறத்தாழ 60 வீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பந்தின் மேல் விழும் எடை, பெட்டியின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால் நல்லது. 700 கிலோவுக்கு 70 கிலோ. நெல் வாங்கும் களஞ்சியம் எதிலும் தட்டுத் தராசு இருக்கும். பாரம் ஏற்றிய பெட்டியைச் சமதரையில் நிறுத்தி, கவ்விக்குக் கீழே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, அந்தக் கட்டையைத் தராசின்மேல் நிற்கவைத்தால் எண் தெரிந்துவிடும். பின்பாரம் கூடிய பெட்டி வேகம் ஏறும்போது பாம்புபோல நெளியத் தொடங்கும். அப்போது பிறேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை போகும் பக்கமே பெட்டியும் போகும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், பெட்டி டயர்கள் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று வெடிப்பவையே அதிகம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. முதல் ஓட்டத்தில் இடையில் நிறுத்தி, சில்லின் நடுக் குமிழில் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெயாரிங்கில் கோளாறு. முல்லைத்தீவில் படகுப் பெட்டி இழுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சூடாக உள்ள பெயாரிங்கை உடனே கடலில் இறக்கினால், அது குளிர்ந்து சுருங்கும்போது உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாரியில் வயல் பாதையில் பிக்கப் புதைந்தால், பின்னால் அழகாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பந்தில் கயிற்றைப் போடத்தான் எல்லோருக்கும் கை போகும். பந்து சீரான இழுவைக்குச் செய்யப்பட்டது. வெட்டி இழுக்கும் விசை அதன் கழுத்தில் விழுந்தால் அது அறுந்து, இழுபட்டு நின்ற கயிற்றோடு துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். அவுஸ்திரேலியாவில் இப்படிப் பறந்த பந்து கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மாமாவிடம் கேட்டு வாங்க வேண்டிய சாமான்களில் நான் முதலில் எழுதுவது, பந்துத் துண்டுக்குப் பதிலாக அதே குழாயில் செருகும் ஷக்கிள் (கயிறு மாட்டும் U வடிவ இரும்பு வளையம்) துண்டையும், 4.75 தொன் என்று பொறித்த ஷக்கிளையும்தான். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அருகில் நிற்கும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் அனுப்புங்கள். அயலில் உழவு இயந்திரம் இருந்தால் வெட்டி இழுக்கும் யோசனையையே விட்டுவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். கயிறு இறுகியதும் சிறு கியரில் மெல்ல இழுத்தால் போதும். பெட்டி கொழுவாத நாட்களில் பந்துத் துண்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால், புதைந்த அவசரத்தில் அதில் கயிறு போட யாருக்கும் வாய்ப்பே இருக்காது.