அச்சியோட்டே விழுது வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் எங்கள் வீட்டருகே உள்ள மெக்சிகன் கடையில் அச்சியோட்டே (உணவுக்குச் சிவப்பு நிறம் தரும் விதை) முழு விதையாகவும் தூளாகவும் கட்டி விழுதாகவும் இருக்கிறது, பாட்டிலில் நீர்க்கக் கரைத்தும் விற்கிறார்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதிப் பாணியில் கொச்சினீத்தா பிபில் (வாழையிலையில் பொதிந்து வேகவைக்கும் பன்றிக்கறி) செய்ய எதை வாங்குவது?

பதில்: கட்டி விழுதை வாங்குங்கள். விதை கல் மாதிரி இருக்கும். ஊறவைத்தாலும் வீட்டு மிக்ஸியில் மைய அரைபடாது. அப்படியே அரைத்துவிட்டாலும் ஓரிகானோ, மிளகு, சீரகம், கிராம்பு, ஆல்ஸ்பைஸ், பூண்டு, உப்பு, வினிகர் எல்லாம் சேர்ந்தால்தான் அது ‘ரெகாடோ ரோஹோ’ ஆகும். யுகடானில் உள்ள மெரிடா நகரின் லூகாஸ் தே கால்வெஸ் சந்தையில் குவித்து வைத்து விற்கும் சிவப்பு மசாலா அதுதான். தூள் பெரும்பாலும் நிறத்துக்கு மட்டுமே உதவும். பாட்டிலில் இருப்பதற்குக் கொடுக்கும் காசில் பாதி தண்ணீருக்கும் வினிகருக்கும் போய்விடும்.

பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அமெரிக்காவில் எடை அதிகமான பொருளை முதலில் போட வேண்டும் என்பது விதி. கொஞ்சம் சோள மாவு கலந்திருந்தால் பரவாயில்லை. அன்னாட்டோவுக்கு (அச்சியோட்டேயின் இன்னொரு பெயர்) முன்னால் சோள மாவு நின்றால் வேண்டாம். ‘சிவப்பு 40’, ‘மஞ்சள் 5’ என்று செயற்கைச் சாயம் போட்டிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். நிறத்துக்கே பேர்போன விதைக்கு இன்னொரு சாயம் எதற்கு? வெளிச்சம் பட்டால் இந்த நிறம் வெளுக்கும். அதனால் ஜன்னலோரம் அடுக்கியிருப்பதை விட்டு உள்ளே இருப்பதை எடுங்கள்.

கேள்வி: தோலில்லாத கோழி நெஞ்சுக்கறியில் தடவிச் சமைத்தேன். நிறம் திட்டுத்திட்டாக இருந்தது, வாயில் மண்வாசனை. போலிச் சரக்கா?

பதில்: சரக்கைக் குறை சொல்ல முடியாது என்றே தோன்றுகிறது. அன்னாட்டோவின் முக்கிய நிறமி பிக்சின். அது கொழுப்பில்தான் கரையும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு ஏது? கோழிதான் என்றால் தோலோடு தொடைக்கறி வாங்கி, ஒரு கரண்டி பன்றிக்கொழுப்போ எண்ணெயோ சேருங்கள். பன்றி என்றால் கொழுப்போடு இருக்கும் தோள்பட்டைக் கறி. அது விலையும் குறைவு.

மண்வாசனை அந்த விதையின் குணம். அதை அடக்கத்தான் யுகடானில் புளிப்பு ஆரஞ்சுச் சாறு ஊற்றுகிறார்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரண ஆரஞ்சுச் சாறு இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு. பாட்டிலில் விற்கும் புளிப்பு ஆரஞ்சில் சிலவற்றில் உப்பு இருக்கும். விழுதிலும் உப்பு உண்டு. பார்த்துப் போடுங்கள்.

இரண்டு கிலோ கறிக்கு 100 கிராம் விழுது, ஒரு கப் சாறு போதும். கரைத்துப் பிசறி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே ஊர்ப்பக்கம் மண்ணில் குழி வெட்டி, சூடேறிய கற்களின் மேல் கறியை வைத்து மூடிவிடுவார்கள். நமக்கு மின் அடுப்பு ‘ஓவன்’தான்: வாழையிலையில் பொதிந்து, மூடிய பாத்திரத்தில் 160 டிகிரி செல்சியஸில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். முள்கரண்டியால் தொட்டாலே கறி நாராகப் பிரிய வேண்டும். இலையை அனலில் வாட்டுவதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே போட, சாற்றில் ஊறிய சிவப்பு வெங்காயமும் ஆபனேரோ மிளகாயும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: மீதி விழுது கெட்டியாகிவிட்டது. தூக்கிப் போடவா?

பதில்: வேண்டாம். பூஞ்சை இல்லையென்றால் சாற்றில் ஊறவைத்துக் கரைக்கலாம். இனி காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பா ஆரஞ்சு நிறமாகி, தேய்த்தும் போகவில்லை. சாயக் கலப்படமா?

பதில்: இல்லை, சுத்தமான விதையும் இந்த வேலையைச் செய்யும். முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். மிச்சக் கறை வெயிலில் காயவைத்தால் மங்கும். அடுத்த தடவை கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவையுங்கள்.